வீடில்லாத விடுதலை

நம்ம பேச்சுத் தமிழில் 'ஃப்ரீ' அளவுக்கு ஓயாமல் உழைக்கும் ஆங்கிலச் சொல் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. "நாளைக்கு ஃப்ரீயா இருக்கியா?" "ரெண்டு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ." "பிள்ளைங்கள ஃப்ரீயா விட்டு வளர்க்கணும்." "அவன் யார்கிட்டயும் ஃப்ரீயா பழகுவான்." "டென்ஷன் ஆகாத, ஃப்ரீயா விடு." ஐந்து வாக்கியம், ஐந்து பொருள். ஓய்வு, விலையின்மை, கட்டுப்பாடின்மை, கூச்சமின்மை, கடைசியில் கண்டுகொள்ளாமை.

மலாயில் இப்படி ஒரே சொல்லை எல்லா இடத்திலும் போட முடியாது. நேரம் இருந்தால் லாப்பாங். காசு கேட்காவிட்டால் பெர்ச்சுமா. தடை இல்லாவிட்டால் பெபாஸ். நாட்டுக்கு மெர்டேக்கா. மாற்றிச் சொன்னால் எதிரில் நிற்பவர் சிரித்துவிடுவார். தமிழிலும் ஓய்வு, இலவசம், சுதந்திரம், விடுதலை என்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. பேசும்போதுதான் அவற்றை ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுகிறோம்.

தூய தமிழ் குறைந்துவிட்டது என்று புகார் சொல்ல இதை எழுதவில்லை. என் கவலை வேறு. அந்தப் பைக்குள் இலவசமும் விடுதலையும் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. அதனால் ஒன்றைக் காட்டி மற்றொன்று என்று நம்மிடம் சொல்ல முடிந்திருக்கிறது. மலாயாத் தமிழர் வரலாற்றில் இது பலமுறை நடந்திருக்கிறது, இப்போதும் நடக்கிறது. எனவே இந்தச் சொல்லின் வேரைக் கொஞ்சம் தோண்டிப் பார்ப்பது மொழி ஆர்வம் மட்டுமல்ல, நம் கணக்கைச் சரிபார்ப்பதும்தான்.

பிரியமும் ஃப்ரீயும்

ஃப்ரீ என்ற சொல்லின் மூலத்தைத் தேடினால் 'தடையின்மை' கிடைப்பதில்லை. கிடைப்பது அன்பு. பழைய ஆங்கிலத்தில் 'ஃப்ரெயோ' என்றால் சுதந்திரமானவன். அதே குடும்பத்தைச் சேர்ந்த 'ஃப்ரெயோன்' என்ற வினைக்கு 'நேசித்தல்' என்றும் 'விடுவித்தல்' என்றும் பொருள். அந்த வினையிலிருந்து பிறந்ததுதான் 'ஃப்ரெண்ட்': நேசிப்பவன். ஜெர்மனில் 'ஃப்ரை' என்றால் சுதந்திரம், 'ஃப்ராய்ண்ட்' என்றால் நண்பன். இன்னும் பின்னால் போனால் இந்தோ ஐரோப்பிய மூலத்தில் 'ப்ரி' என்ற வேர் வருகிறது. சமஸ்கிருதத்தின் 'ப்ரிய' அதே வேரின் கிளை. நம் ஊர்ப் பாட்டிகள் "பிரியமா சாப்பிடுடா" என்று சொல்லும்போது வருவதும் அதுதான். ஃப்ரீயும் பிரியமும் தூரத்து ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

அன்பு எப்படி சுதந்திரம் ஆயிற்று? மொழியறிஞர்கள் சொல்லும் விளக்கம் எளிமையானது. பழைய குடும்பத் தலைவனின் கூரையின் கீழ் இரண்டு வகை மனிதர்கள் இருந்தார்கள். ஒரு சாரார் அவனுக்குப் பிரியமானவர்கள்: பிள்ளைகள், உறவுகள், குலத்தார். இன்னொரு சாரார் அடிமைகள். பிரியமானவர்கள் என்று சொன்னாலே அடிமை அல்லாதவர்கள் என்று பொருள். காலப்போக்கில் அந்த இரண்டாவது பொருள் மட்டும் தங்கிவிட்டது. லத்தீனிலும் இதே கதைதான். 'லீபர்' என்றால் சுதந்திரமானவன்; அதன் பன்மையான 'லீபெரி' என்ற சொல்லால் வீட்டுப் பிள்ளைகளைக் குறித்தார்கள். லிபர்ட்டி வந்தது அந்தக் குடும்பத்திலிருந்து.

ஆக, மூலத்தில் சுதந்திரமானவன் என்பவன் யாரோடும் ஒட்டாமல் தனியாக நிற்பவன் இல்லை. ஒரு வீட்டுக்குச் சொந்தமானவன், அந்த வீட்டில் கேட்டு வாங்கும் உரிமை உள்ளவன். அடிமையும் அதே வீட்டில்தான் இருந்தான், அதே அடுப்பில் பொங்கியதைத்தான் சாப்பிட்டான். ஆனால் அது அவனுக்குக் 'கொடுக்கப்பட்டது'. அடிமைக்கும் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் சாப்பாட்டில் இல்லை; அதை நாளைக்கும் கேட்க முடியுமா என்பதில் இருந்தது.

'விலை இல்லாதது' என்ற பொருள் ஃப்ரீக்கு மிகப் பின்னால்தான் ஒட்டியது. சுமாராக 16-ஆம் நூற்றாண்டில். அதற்குள் ஐரோப்பியக் கப்பல்கள் நம் பக்கம் வந்துவிட்டன.

தமிழில் இதற்கு இணையான ஒரு சொல்லை நாம் கவனிக்காமலே தினமும் புழங்குகிறோம். விடு என்ற வினையின் முதல் எழுத்து நீண்டால் வீடு. கெடு கேடு ஆவது போல, பெறு பேறு ஆவது போல. அறம், பொருள், இன்பம், வீடு என்று வரிசையாகச் சொல்லும்போது வீடு என்றால் விடுதலை. "வீட்டுக்கு வாடா" என்னும்போது குடியிருப்பு. எல்லாவற்றையும் விட்டுப் போவதற்கும், எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டுத் தங்குவதற்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. இந்த ஒரு சொல்லை மனசில் வைத்துக்கொண்டு மலாக்காவுக்கு வருவோம்.

கிளிங் முனையிலிருந்து

நான் வேலை பார்ப்பது தஞ்சோங் கிளிங்கில். தஞ்சோங் என்றால் முனை. கிளிங் என்பது கலிங்கத்திலிருந்து வந்த சொல்; சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களை மலாய் உலகம் அழைத்த பெயர். மலாக்கா சுல்தான்களின் காலத்தில் கிளிங் வணிகர்கள் துறைமுகத்தின் பெரும்புள்ளிகள். இன்று அதே சொல் வசையாகிவிட்டது. ஆனால் சாலைப் பலகையில் இன்னும் அப்படியே நிற்கிறது. வணிகனின் பெயராக இருந்தது எப்போது வசையாக மாறியது என்று கேட்டால், அந்தப் பெயருக்குரியவர்கள் தங்கள் சரக்கோடு வந்து இறங்காமல், தாங்களே சரக்காக இறக்கப்பட்ட பிறகு என்று ஒரு வரியில் சொல்லலாம். வரலாறு அதைவிடச் சிக்கலானது. ஆனாலும் அந்த வரி பொய்யில்லை.

தஞ்சோங் கிளிங்கிலிருந்து கடற்கரைச் சாலையைப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் பண்டார் ஹிலிர். 1956 பிப்ரவரி 20 அன்று துங்கு அப்துல் ரஹ்மான் லண்டனிலிருந்து திரும்பி, அங்கே உள்ள திடலில்தான் 1957 ஆகஸ்ட் 31-இல் நாடு சுதந்திரம் பெறும் என்று அறிவித்தார். மெர்டேக்கா என்ற சொல் அன்று அந்தத் திடலில் முழங்கியது. அந்தச் சொல்லுக்கு மலாக்காவில் அதைவிடப் பழைய ஒரு வாழ்க்கை இருக்கிறது.

மெர்டேக்காவின் மூலம் சமஸ்கிருத 'மஹர்த்திக': பெருஞ்செல்வமும் பெருஞ்சிறப்பும் உடையவன். தீவுக்கூட்டத்துக்கு வந்த பிறகு அது அடிமை அல்லாதவனை, அடிமை நிலையிலிருந்து விடுபட்டவனைக் குறிக்கத் தொடங்கியது. மலாக்கா சுல்தான்கள் காலத்துச் சட்டத் தொகுப்பான 'உண்டாங் உண்டாங் மலாக்கா' மனிதர்களை அடிமை, மெர்டேக்கா என்று பிரித்துத்தான் தண்டனையும் ஈடும் நிர்ணயிக்கிறது. அங்கே மெர்டேக்கா நாட்டின் நிலை அல்ல, ஒரு ஆளின் நிலை.

பிறகு ஐரோப்பியர்கள் வந்தார்கள். அந்தச் சொல் டச்சுக்காரர்களின் வாயில் 'மார்டைக்கர்' ஆனது. 17-ஆம் நூற்றாண்டில் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், மார்டைக்கர் என்று ஒரு தனிச் சமூகமே இருந்தது. விடுவிக்கப்பட்ட அடிமைகளும் அவர்களின் வழித்தோன்றல்களும். கிறிஸ்தவர்கள், போர்த்துக்கீசியக் கலப்பு மொழி பேசியவர்கள். அவர்களில் பலரின் பூர்வீகம் இந்தியக் கடற்கரைகள். சோழமண்டலக் கரையும் அதில் உண்டு. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த காலத்தில், பஞ்சமும் போரும் வந்தபோதெல்லாம் அந்தக் கரையிலிருந்து அடிமைகள் கப்பலேறினார்கள்.

ஆகவே இந்த நாட்டின் சுதந்திர முழக்கமாக மாறிய சொல்லை, அதற்கு முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே தங்கள் சமூகத்தின் பெயராகவே சுமந்தவர்களில் நம் கரைக்காரர்களும் இருந்தார்கள். ஆகஸ்ட் மாதம் வந்தால் இந்தியர்கள் மெர்டேக்காவுக்கு என்ன செய்தார்கள் என்று பேச்சுப்போட்டி நடக்கும். அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு சங்கிலிச் சத்தம் கேட்பதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

ஃப்ரீ கூலி, ஃப்ரீ டிக்கெட், ஃப்ரீ வீடு

பிரிட்டிஷ் பேரரசு அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தை 1833-இல் இயற்றியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பகுதிகளுக்கு அது பொருந்தவில்லை. இந்தியாவில் அடிமைத்தனத்தைச் சட்டம் அங்கீகரிக்காது என்றானது 1843-இல். கரும்புக்கும் காப்பிக்கும் ஆள் வேண்டியபோது வந்தது ஒப்பந்தக் கூலி முறை. மலாயாவுக்கு ஒப்பந்தத்தில் ஆள் எடுப்பது 1910-இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே பெருகி, பின்பு முழுதாக அதன் இடத்தைப் பிடித்தது கங்காணி முறை. அதற்குள் ரப்பர் வந்துவிட்டது. மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டத்தை டான் சாய் யான் போட்டது நம் மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில், 1896-இல்.

இங்கேதான் நம் சொல் மேடையேறுகிறது. ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்காமல் கங்காணி மூலம் வந்தவர்களைக் காலனிய ஆவணங்கள் 'ஃப்ரீ லேபர்' என்றன. சுதந்திரக் கூலிகள். 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று அமைக்கப்பட்டது. தோட்ட முதலாளிகள் அதில் பணம் கட்டினார்கள். அதிலிருந்து கப்பல் டிக்கெட் இலவசமாகக் கிடைத்தது. தோட்டத்துக்கு வந்தால் லயத்தில் வீடு இலவசம். சட்டப்படி கடனில்லை, ஒப்பந்தமில்லை. முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் போகலாம்.

இதை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. கப்பலேறியவர்களில் கணிசமானோர் பண்ணையடிமையாகவும் தீண்டப்படாதவராகவும் கிடந்தவர்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே மிராசுதாரின் வாசலில் நின்றவனுக்கு, கையில் காசாக வரும் கூலியும் தெருவில் செருப்புப் போட்டு நடக்கும் வாய்ப்பும் சின்ன விஷயம் இல்லை. தோட்ட வாழ்வை வெறும் கண்ணீராக மட்டுமே எழுதும்போது இதை நாம் மறந்துவிடுகிறோம். அவர்கள் ஏமாந்து மட்டும் வரவில்லை. ஒன்றை விட்டுவிட்டும் வந்தார்கள்.

ஆனால் அந்த ஃப்ரீயின் இன்னொரு பாதி 1930-இல் தெரிந்தது. உலகப் பொருளாதாரம் சரிந்து ரப்பர் விலை விழுந்ததும், வேலை இல்லாத தமிழர்கள் கப்பல் கப்பலாக ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேல். அந்த டிக்கெட்டும் ஃப்ரீதான். வரும்போதும் இலவசம், விரட்டும்போதும் இலவசம். போகும் சுதந்திரம் தொழிலாளிக்கு எவ்வளவு இருந்ததோ அவ்வளவும் 'போ' என்று சொல்லும் சுதந்திரம் முதலாளிக்கும் இருந்தது. இரண்டும் சமம் என்று ஆவணத்தில் எழுதிவிடலாம். ஒருவனுக்கு நிலம் இருக்கிறது, இன்னொருவனுக்கு மூட்டை இருக்கிறது என்பதை மட்டும் அந்த ஆவணம் எழுதாது.

கார்ல் மார்க்ஸ் இதைத்தான் தொழிலாளி இரு மடங்கு சுதந்திரமானவன் என்று கசப்பாகச் சொன்னார். தன் உழைப்பை விற்கும் சுதந்திரம் ஒன்று. விற்பதற்கு வேறு எதுவுமே இல்லாமல் சுத்தமாக 'விடுபட்ட' நிலை இன்னொன்று.

லயத்து வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வாடகை கிடையாது. தண்ணீரும் தோட்டத்து நிர்வாகம் பார்த்துக்கொள்ளும். கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் வேலை போனால் வீடும் போகும். அப்பா பால்மரம் வெட்டுவதை நிறுத்தினால், அந்த வீட்டில் தொடர்ந்து இருக்க மகன் அல்லது மகள் தோட்டத்தில் பேர் பதிய வேண்டும். இலவசம் என்பதால் அது தொழிலாளியின் வீடாக ஆகவே இல்லை. வாடகை வாங்கியிருந்தால்கூட வாடகைக்காரர் என்ற உரிமையாவது கொஞ்சம் இருந்திருக்கும். பிற்காலத்தில் தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்பும் தொழிற்பேட்டையும் கோல்ஃப் மைதானமும் ஆனபோது, மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்தவர்கள் எதைக் காட்டி உரிமை கேட்பது என்று திணறியது அதனால்தான். பழைய ஐரோப்பியக் குடும்பத்து அடிமையைப் போல, அதே கூரையின் கீழே இருந்திருக்கிறார்கள். அந்த வீட்டின் பிள்ளைகளாக இல்லை.

நம்ம புனைவுகளின் மேல் எனக்கு உள்ள குறையும் இங்கேதான். நான் வாசித்த தோட்டப்புறக் கதைகள் பலவற்றில் விடுதலை என்றால் தோட்டத்தை விட்டுப் போவது. மகன் படிக்கிறான், பட்டணத்துக்குப் பஸ் ஏறுகிறான், கதை முடிகிறது. ஏறியவன் எங்கே இறங்கினான் என்று எழுதியவர்கள் குறைவு. விடு என்பதன் முதல் பாதியை எழுதிவிட்டோம். வீடு என்ற மறுபாதியை எழுதவில்லை.

சுதந்திரம் என்றால் பங்கு

விடுதலையைவிட நாம் அதிகம் சந்தேகப்படும் சொல் சுதந்திரம். வடமொழி, மேடைச் சொல், கொடியேற்றும் நாள் மிட்டாய் வாசனை. ஆனால் தமிழுக்குள் இந்தச் சொல் வாழ்ந்த வாழ்க்கையைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

19-ஆம் நூற்றாண்டில் செங்கல்பட்டுப் பகுதி மிராசு உரிமை பற்றி எழுதப்பட்ட ஆவணங்களில் 'சுவதந்திரம்' என்ற சொல் வருகிறது. அங்கே அதற்குப் பொருள், களத்தில் நெல் அளக்கும்போது உரிமையாகப் பிரித்துக் கொடுக்கும் பங்கு. மிராசுதாருக்கு ஒரு பங்கு. ஊர்த் தொழில் செய்கிறவர்களுக்கும் அவரவர் அளவில் பங்கு. யாரும் இரக்கப்பட்டுக் கொடுப்பதில்லை. கொடுக்காவிட்டால் சண்டை வரும். தமிழ் விவிலியத்திலும் இதே தடம் இருக்கிறது. அங்கே சுதந்தரம் என்றால் பரம்பரைச் சொத்து; வாரிசுக்குப் பெயர் சுதந்தரவாளி. நாம் இன்று சொல்லும் சுதந்திரத்துக்கு அந்த மொழிபெயர்ப்பாளர்கள் சுயாதீனம் என்ற வேறு சொல்லைப் பயன்படுத்தினார்கள்.

களத்துமேட்டைப் பொன்னுலகமாகக் காட்ட நான் வரவில்லை. அந்தப் பங்கு சாதிப்படி அளக்கப்பட்டது. நிலத்தில் அதிகம் குனிந்தவனுக்கு மரக்கால் சின்னது. அதைத் தாங்க முடியாமல்தான் பலர் கப்பலேறினார்கள். ஆனாலும் அந்தச் சொல்லில் ஒரு பழைய அறிவு இருக்கிறது: சுதந்திரம் என்பது விளைச்சலில் எனக்கு என்ன பங்கு என்ற கேள்வி. ஐரோப்பாவில் 'பிரியமானவன்' என்ற சொல்லுக்குள் ஒளிந்திருந்ததும் அதே கேள்விதான்.

இந்தப் பழைய பொருளில் மலாயாத் தமிழர்கள் சுதந்திரத்தைத் தொட்ட ஒரு தருணம் உண்டு. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். நாட்டுக்கு மெர்டேக்கா வந்த அதே ஆண்டுகளில் தோட்டத்துக்காரர்கள் நடுத்தெருவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். 1960-இல் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு வாங்குங்கள், விற்பனைக்கு வரும் தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று கேட்டார். அன்றைய கூலியில் பத்து வெள்ளி பெரிய காசு. கட்டினார்கள். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தில் தொடங்கிச் சங்கம் அடுத்தடுத்துத் தோட்டங்களை வாங்கியது.

அந்தச் சங்கத்தின் பிற்காலத்தைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது. அது தனிக் கட்டுரை. எனக்கு முக்கியம் அந்தப் பத்து வெள்ளி. டிக்கெட்டும் லயமும் இலவசமாகவே பெற்றுப் பழகிய ஒரு சமூகம், முதல் முறையாகப் பெரிய அளவில், காசு கொடுத்து ஒன்றை வாங்கியது. ஃப்ரீயாக இல்லாததால்தான் அது சுதந்திரத்துக்குப் பக்கத்தில் வந்தது.

கட்டற்றதா?

இந்தக் குழப்பத்தை நேருக்கு நேராகச் சந்தித்த இன்னொரு கூட்டம் என் தொழில்காரர்கள். 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்தார். அவர் உருவாக்கிய இயக்கத்தின் பெயர் ஃப்ரீ சாஃப்ட்வேர். அன்றிலிருந்து அவருக்கு ஒரே வேலை: இது பேச்சுரிமையில் வரும் ஃப்ரீ, ஓசி பீரில் வரும் ஃப்ரீ இல்லை என்று விளக்கிக்கொண்டே இருப்பது. ஆங்கிலத்தில் அவரிடம் ஒரே ஒரு சொல்தான் இருந்தது, பாவம்.

தமிழில் அந்தப் பிரச்சினை இல்லை. இலவச மென்பொருள் என்று சிலர் தவறாக எழுதினாலும், ஆர்வலர்கள் 'கட்டற்ற மென்பொருள்' என்று தெளிவாக ஒரு சொல்லை நிறுத்தினார்கள். தமிழ் விக்கிப்பீடியாவும் தன்னைக் கட்டற்ற கலைக்களஞ்சியம் என்றே சொல்லிக்கொள்கிறது. இலவசத்தையும் விடுதலையையும் பிரித்துக் காட்டிய விதத்தில் இது நல்ல சாதனை. ஆங்கிலத்தைவிடத் தமிழ் தெளிவாக நின்ற இடம்.

ஆனாலும் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. கட்டு அற்றது என்றால் பிணைப்பே இல்லாதது. அந்த இயக்கத்தின் இதயமான ஜிபிஎல் உரிமம், 1989-இல் வந்தது, அப்படி இல்லை. நீ இந்த நிரலை எடுத்துக்கொள், திறந்து பார், மாற்று, பிறருக்குக் கொடு. ஆனால் மாற்றியதைக் கொடுக்கும்போது உனக்குக் கிடைத்த அதே உரிமைகளோடுதான் கொடுக்க வேண்டும். இது ஒரு கட்டு. பலமான கட்டு. இந்தக் கட்டு இல்லாத உரிமங்களும் உண்டு. அவற்றின் கீழ் வந்த பொதுநிரலைப் பெரிய கம்பெனி எடுத்து, மேலே பூட்டுப் போட்டு, நம்மிடமே விற்கலாம். விற்கவும் செய்கிறது. எந்தக் கட்டும் இல்லாத இடத்தில் யார் பெரியவனோ அவன்தான் ஃப்ரீ.

கட்டற்ற என்பதற்குப் பதில் என்ன போடலாம் என்று என்னிடம் ஆயத்தச் சொல் இல்லை. பழகிய சொல்லை மாற்றச் சொல்லவும் இல்லை. அந்தச் சொல்லுக்குள்ளே ஒரு பொதுக்கட்டு இருக்கிறது என்பதை நாம் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஃப்ரீயும் ஃப்ரெண்டும் ஒரே வேர் என்பதை நான் முழுசாக நம்பியது அகராதியில் இல்லை, அந்த உரிமத்தில்.

சுங்கத்துக்கு வெளியே

இலவசத்துக்குத் தமிழ் மக்கள் வைத்த நல்ல பெயர்களில் ஒன்று சும்மா. "சும்மா குடுத்தாங்க." இந்தச் சும்மாதான் மலாயில் சுமா என்று போய், பெர்ச்சுமா ஆனது என்பார்கள் மொழியறிஞர்கள். ஆக, மலாய்க்காரரின் இலவசம் நம்மிடமிருந்து போயிருக்கிறது. சும்மா கிடைத்ததைச் சும்மா என்றே சொல்லும் நேர்மை அந்தச் சொல்லில் உண்டு. அது தன்னை ஒருபோதும் விடுதலை என்று சொல்லிக்கொண்டதில்லை.

ஃப்ரீ அப்படி இல்லை. தஞ்சோங் கிளிங்கில் தொழிற்சாலைகள் இருக்கும் பகுதிக்கு ஆங்கிலத்தில் பெயர் ஃப்ரீ ட்ரேட் ஸோன். தமிழில் எழுதும்போது சுதந்திர வர்த்தக மண்டலம். 1971-இல் வந்த சட்டத்தில் தொடங்கி நாடு முழுக்க இப்படிப் பல மண்டலங்கள். பழைய சட்டத்தின் இடத்தில் இப்போது இருப்பது 1990-ஆம் ஆண்டின் சட்டம். அதன்படி, சுங்கக் கணக்குக்கு இந்த மண்டலம் மலேசியாவுக்கு வெளியே இருக்கும் இடமாகக் கருதப்படும். வேலிக்குள் வரும் பொருளுக்கு வரி இல்லை. ஃப்ரீ என்பது பொருளுக்கு. வேலிக்குள் வேலை செய்கிறவர்களுக்கு என்ன என்று பார்த்தால், மின்னணுத் தொழிலாளர்கள் நாடு தழுவிய ஒரு சங்கம் அமைக்க நெடுங்காலம் அனுமதி கிடைக்கவில்லை. 1988-இல் கம்பெனிக்குள்ளான சங்கம் மட்டும் பரவாயில்லை என்றார்கள்.

தோட்டத்து லயத்திலிருந்து கிளம்பிய நம் பிள்ளைகளில் ஒரு பகுதி இந்த வேலிக்குள்தான் இறங்கியது. அக்காமார்கள் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்தார்கள். அடுத்த தலைமுறையில் நாங்கள் சில பேர் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்து, பொறியாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அதே வாசலில் நுழைகிறோம். பஸ் ஏறிய மகன் இறங்கிய இடம் இதுதான், எழுதலாம்.

எழுதும்போது இன்னொருவரையும் எழுத வேண்டும். இன்று இந்த நாட்டின் உற்பத்தி வரிசைகளில் நிற்பவர்களில் நேபாளமும் வங்காளதேசமும் நிறைய. ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு வந்தவர்கள். "ஹாஸ்டல் ஃப்ரீ, பஸ் ஃப்ரீ" என்று சொல்லித்தான் அழைத்து வருகிறார்கள். வேலை போனால் ஹாஸ்டலும் போகும், பெர்மிட்டும் போகும். இந்தக் கணக்கு எனக்கு எங்கேயோ தெரிந்த கணக்கு. கங்காணிக்கு ஏஜெண்ட் என்று பேர், லயத்துக்கு ஹாஸ்டல் என்று பேர். மண்டோர் இடத்தில் அட்டை மாட்டிய நானும் என் நண்பர்களும் நிற்கிறோம். "அவனுங்களுக்கு எல்லாமே ஃப்ரீதானே, நமக்குத்தான் வாடகை" என்று மதியச் சாப்பாட்டு மேசையில் நம்ம ஆட்களே சொல்லும்போது, அந்தச் சொல் இன்னும் தன் பழைய வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருப்பது தெரிகிறது.

ஃப்ரீ என்று சொல்வதை நிறுத்த யாரையும் கேட்கவில்லை. நானும் நிறுத்தப் போவதில்லை. ஆனால் அது வேலை, வீடு, நிலம், ஒப்பந்தம் என்ற சொற்களுக்குப் பக்கத்தில் வந்து உட்காரும்போது மட்டும் மலாய்க்காரரைப் போல ஒரு நொடி நின்று, எந்தச் சொல் என்று பிரித்துப் பார்க்கலாம். பெர்ச்சுமாவா, பெபாஸா, மெர்டேக்காவா? தமிழில் கேட்டால் இன்னும் சுருக்கமாகக் கேட்கலாம். இதில் எனக்குப் பங்கு உண்டா, சும்மா கொடுக்கிறார்களா?

என் ஹாஸ்டல்கார நண்பனிடம் போன மாதம் இதைத்தான் கேட்டேன். அவன் தன் நாட்டில் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் படத்தைக் கைப்பேசியில் காட்டினான். இரண்டு அறை, இன்னும் கூரை போடவில்லை. கூரைக்கு எவ்வளவு ஆகும் என்று அவனுக்கு வெள்ளி சுத்தமாகத் தெரிந்திருந்தது.